உங்களுக்குத் தெரியுமா? ரயில் நின்றதால் வந்த ஊர்கள்

சிறுசேரிக்கு இப்போதைக்குப் பஸ்தான். இல்லையென்றால் ஷேர் ஆட்டோ, கம்பெனி வேன். ரயிலில் வருகிறவர்கள் வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து, ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வந்து சேர வேண்டும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடம் முடிந்தால் இந்த நிலை மாறும். மாதவரத்தில் புறப்படும் அந்தப் பாதை சுமார் 45 கிலோமீட்டர் ஓடி சிறுசேரி சிப்காட் தொழிற்பூங்காவில் முடியப் போகிறது. ஐந்தாம் வழித்தடமும் மாதவரத்தில்தான் தொடங்குகிறது. அது நகரத்தின் மேற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து சோழிங்கநல்லூரில் மூன்றாம் வழித்தடத்தோடு சேரும். ஆக, நம் தலைமுறை பார்த்திருக்கவே ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த பக்கத்தில் ஒரு ஜங்ஷன் எழும்பிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் இது புதிதல்ல. ஒன்றரை நூற்றாண்டாக இரண்டு பாதைகள் சேர்ந்த இடங்களிலெல்லாம் ஊர்கள் எழுந்திருக்கின்றன. அந்த ஊர்கள் ஏன் அங்கே வந்தன, அங்கே யார் வாழ்ந்தார்கள், வண்டி நிற்பது குறைந்ததும் அவர்கள் என்ன ஆனார்கள்? இந்த முறை அவற்றைப் பற்றித்தான் துணுக்குகள்.

ஆறே ஆண்டில் கரையிலிருந்து கரைக்கு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோடு வரை போனது. அங்கிருந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பாதையை மேற்கே நீட்டிக்கொண்டே போய், 1862க்குள் மலபார்க் கரையில் இருக்கும் பேப்பூரைத் தொட்டுவிட்டது. அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர் ஆகிய பெயர்களைத் தமிழ்நாடு முழுவதும் அறியச் செய்தது இந்த ஒற்றைப் பாதைதான்.

காஞ்சிக்குக் கிளை, அரக்கோணத்துக்கு மெயின்

பல்லவர் தலைநகரமான காஞ்சிபுரம் மெயின் லைனில் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பிரதான பாதை அரக்கோணம் வழியாகப் போனது. காஞ்சிக்கு 1865ல் ஒரு கிளைப் பாதை கிடைத்தது. இந்தியன் டிராம்வே கம்பெனி போட்ட அந்தப் பாதையின் அகலம் மூன்றரை அடிதான்.

கோயம்புத்தூருக்கும் இதே கதி. மேற்குக் கரைக்குப் போன பாதை 1862ல் போத்தனூரைத் தொட்டுக்கொண்டு போய்விட்டது. கோவை நகரத்துக்கு 1873ல்தான், மேட்டுப்பாளையம் போகும் கிளையின் வழியாக ரயில் வந்தது. பாதை போட்டவர்களுக்கு ஊரின் பெருமையும் கோயிலின் வயதும் கணக்கில் வரவில்லை. ஏற்றம் குறைவாக, ஆற்றுப் பாலம் குறைவாக, முடிந்தவரை நேராகப் போக வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதனால் வரைபடத்தில் பெயர்கூட இல்லாத சிற்றூர்கள் ஜங்ஷன் ஆயின. ஆயிரம் ஆண்டு நகரங்கள் வண்டி மாறிப் போகும் இடங்களாயின.

எல்லாம் தண்ணீருக்காக

நீராவி எஞ்சின் இருந்த காலத்தில் வண்டி நினைத்தபடி ஓடிக்கொண்டே இருக்க முடியாது. கரியும் வேண்டும், அதைவிட அடிக்கடி தண்ணீர் வேண்டும். ஆகவே வழியில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, அதை நிரப்பக் கிணறோ ஏரியோ, அதற்கு ஒரு பம்ப், பம்பைப் பார்க்க ஓர் ஆள். பெரிய நிலையம் என்றால் எஞ்சினைக் கழுவி, சாம்பலை வாரி, பழுது பார்க்க லோகோ ஷெட். ஓட்டிக் களைத்து வந்த டிரைவரும் ஃபயர்மேனும் கார்டும் படுத்து எழ ரன்னிங் ரூம். அவர்களுக்குச் சமைக்க ஆள். இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குடும்பம் வந்து தங்கியது. குடும்பங்கள் வந்ததும் மளிகைக் கடை, சலவைக்காரர், பால்காரர், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் வந்தன. வண்டி நின்றது, அதனால் ஊர் வந்தது.

நள்ளிரவில் கதவைத் தட்டியவர்

செல்போன் இல்லாத காலத்தில் இரவு இரண்டு மணி வண்டிக்கு டிரைவரை யார் எழுப்பினார்கள்? அதற்கென்றே ஒரு வேலை இருந்தது. கால் பாய் என்பார்கள். கையில் லாந்தரும் ஒரு நோட்டுப் புத்தகமுமாக ரயில்வே காலனியில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, இன்ன வண்டிக்கு இன்ன நேரத்தில் நீங்கள் வர வேண்டும் என்று சொல்லி, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஜங்ஷன் ஊர்களில் இரவு என்பது மற்ற ஊர்களைப் போல இருந்ததே இல்லை. பாதி வீட்டில் ஆள் தூங்கிக்கொண்டிருக்கும்போது பாதி வீட்டில் சோறு வடியும்.

கார்டு கையோடு கொண்டுபோன இரும்புப் பெட்டி இன்னொரு சங்கதி. மேலே அவர் பெயரும் தலைமையிடமும் பெயின்டில் எழுதியிருக்கும். உள்ளே சிவப்பும் பச்சையுமாகக் கொடிகள், கை விளக்கு, முதலுதவிச் சாமான்கள். ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தின் மேல் பொருத்திவைத்தால் எஞ்சின் சக்கரம் ஏறும்போது வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டர்களும் அதில் இருக்கும். இந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றி இறக்குவதற்கு மட்டுமே பாக்ஸ் பாய் என்று தனி ஆட்கள் இருந்தார்கள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் வரிசையாக அடுக்கி வைத்த பெட்டிகளை நாற்பது வயது தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

செங்கல்பட்டு: ஏரிக்கரை ஜங்ஷன்

தென்சென்னைப் புறநகருக்கு மிக அருகில் இருக்கும் பழைய ஜங்ஷன் செங்கல்பட்டு. சென்னையிலிருந்து போகும்போது கொளவாய் ஏரியை ஒட்டியே வண்டி நுழைகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் மழைக்காலத்தில் ஏரி நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டின் தண்ணீர் நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

தெற்கே போகும், சவுத் இந்தியன் ரயில்வே மீட்டர் கேஜில் (ஒரு மீட்டர் அகலத்தில்) போட்ட பாதையும் காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. காஞ்சியின் மூன்றரை அடிப் பாதையைப் பின்னர் மீட்டர் கேஜ் ஆக்கி, செங்கல்பட்டு வரை நீட்டினார்கள். இதனால் மதராஸ் நகரத்துக்குள் போகாமலே தெற்கிலிருந்து மேற்குக்கும் வடமேற்குக்கும் சரக்கு போக வழி கிடைத்தது. அந்தப் பாதையில் தக்கோலம் என்று ஒரு சிறு நிலையம் வரும். 949ல் சோழ இளவரசன் ராஜாதித்தன் ராஷ்டிரகூடரோடு போரிட்டு உயிர்விட்ட தக்கோலம்தான் அது. பலரும் தெரியாமலே கடந்து போகிறார்கள்.

இன்று சென்னை கடற்கரை நிலையத்தில் ஏறி, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் என்று சுற்றிவிட்டுக் கடற்கரைக்கே திரும்பும் சர்க்குலர் ரயில் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். இந்தப் பக்கத்து ரயில் வரலாறு மொத்தமும் ஜன்னலுக்கு வெளியே ஓடும்.

தாம்பரம் ஜங்ஷனே இல்லை

ஆனாலும் ஜங்ஷனுக்கு உண்டான எல்லாமே அங்கே நடந்தது. காரணம், 1931ல் கடற்கரையிலிருந்து புறப்பட்ட மீட்டர் கேஜ் மின்சார ரயில் தாம்பரத்தோடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே விழுப்புரம் வரை மின்சாரம் போக 1960கள் ஆயின. மின்சார வண்டியின் கடைசி நிலையம் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனை வந்தது, வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், குடியிருப்பு வந்தது.

காற்று நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சௌரி முத்து 1928ல் இங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கினார். அடுத்த நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு 1937ல் தாம்பரத்துக்கு வந்தது. ரயில் இல்லாமல் அந்தக் கல்லூரி அத்தனை தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் 2004ல் ஓய்ந்தன. 2021ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. வண்டி நின்று திரும்பிய இடத்துக்குத் தொண்ணூறு ஆண்டுகளில் கிடைத்த உயர்வு இது.

வளையத்தைப் பிடித்தவர்கள்

ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் காத்தது ஓர் இரும்பு உருண்டை. டோக்கன் என்பார்கள். அது கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த நிலையம் வரை போகலாம். நிற்காத வண்டியாக இருந்தால், பெரிய பிரம்பு வளையத்தின் பையில் டோக்கனைப் போட்டு, பிளாட்பாரத்தில் நின்று நீட்டிப் பிடிப்பார் பாயிண்ட்ஸ்மேன். ஓடுகிற எஞ்சினிலிருந்து ஃபயர்மேன் கையை உள்ளே நுழைத்து வளையத்தை வாங்கிக்கொண்டு, முந்தைய நிலையத்து வளையத்தைக் கீழே எறிவார். மழையோ நடு இரவோ, இது தவறக் கூடாது. ரயில் வரலாற்றை எழுதியவர்கள் கவர்னர் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதினார்கள். வளையம் நீட்டிய கைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அது எனக்கு மிகுந்த வருத்தம்.

ஜோலார்பேட்டை

ஜங்ஷன் மட்டுமே ஆதாரமாக வளர்ந்த ஊர் எது என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது ஜோலார்பேட்டையை. ஏலகிரி மலையடிவாரத்தில் இருந்த கிராமப் பகுதி அது. மேற்கே போன பாதையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு இங்கிருந்து பிரிந்த கிளை 1864ல் திறக்கப்பட்டது. அன்று முதல் சேலம், கோவை, கேரளம் போகிறவர்களும் பெங்களூர் போகிறவர்களும் இந்த ஊர்ப் பெயரைக் கேட்காமல் போனதில்லை. பக்கத்தில் வாணியம்பாடியும் திருப்பத்தூரும் பழைய ஊர்கள். ஆனால் வண்டி பிரியும் இடம் என்ற உரிமை ஜோலார்பேட்டைக்குக் கிடைத்தது. இன்று அது ஒரு நகராட்சி. இங்கிருந்து சென்னைக்குப் போகும் வண்டிக்கே ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த ஊருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெங்களூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டு நிலம். ஜோலார்பேட்டையை விட்டதும் சோமநாயக்கன்பட்டி, பச்சூர், குப்பம் என்று பாதை ஏறத் தொடங்கிவிடும். பாரம் ஏற்றிய சரக்கு வண்டியை முன்னால் இருக்கும் எஞ்சினால் மட்டும் இழுக்க முடியாது. அதற்காகப் பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டுவார்கள். அதுதான் பேங்கர். முன்னால் இருக்கும் டிரைவர் ஹாரன் கொடுக்க, பின்னால் இருப்பவர் பதில் ஹாரன் கொடுக்க, ஒன்று இழுக்க மற்றொன்று தள்ள, மொத்த வண்டியும் மெதுவாக மேடேறும். ஏற்றம் முடிந்ததும் பேங்கர் கழன்றுகொண்டு கீழே திரும்பும், அடுத்த வண்டியைத் தள்ள. பயணிகள் யாரும் பார்க்காத இந்த வேலையை வாழ்நாள் முழுவதும் செய்துவிட்டு ஓய்வு பெற்றவர்கள் அந்த ஊரில் உண்டு.

சென்னைக்குத் தண்ணீர் அனுப்பிய ஊர்

2019 கோடை நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஓ.எம்.ஆர். கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. சிறுசேரி, நாவலூர், படூர் அடுக்ககங்களில் டேங்கர் லாரி எப்போது வரும் என்பதே பேச்சாக இருந்தது.

அந்த ஜூலை 12ஆம் தேதி 50 டேங்க் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அனுப்பிய ஊர் ஜோலார்பேட்டை. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீரை, பக்கத்தில் மேட்டுச் சக்கரக்குப்பத்திலிருந்து குழாய் போட்டு ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து, வேகன்களில் நிரப்பி அனுப்பினார்கள். வில்லிவாக்கத்தில் இறக்கிய நீர் கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. மழை வரும் வரை இந்த ரயில் ஓடியது.

எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிப் பிழைத்த ஒரு ஜங்ஷன், தலைநகரத்தின் குடத்தில் தண்ணீர் ஊற்றியது. அங்கிருந்த மக்களும் வறட்சியில்தான் இருந்தார்கள். தங்கள் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள் என்று அந்தப் பகுதியில் எதிர்ப்புக் குரலும் எழுந்தது. அதில் நியாயம் இருந்தது. ஓ.எம்.ஆரில் குழாயைத் திறக்கும்போது அந்த ஊரை ஒரு முறையாவது நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இணைப்பு ரயிலுக்காகக் காத்திருந்த பெட்டி

1911 ஜூன் 17. திருநெல்வேலியில் ஏறிய கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானல் போய்க்கொண்டிருந்தார். மணியாச்சியில் வண்டி நின்றது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலோடு இணைப்பு அங்கேதான். கொழும்புக் கப்பலில் இறங்கி வருகிறவர்களை ஏற்றிவரும் வண்டி அது. அந்தக் காத்திருப்பில், முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறிய செங்கோட்டை வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டுக் கொன்றார். பிளாட்பாரக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். இன்று அந்த நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. கரிசல் காட்டு நடுவே வண்டி மாறுவதற்காக மட்டும் இருந்த ஒரு நிலையம், இந்திய விடுதலைப் போராட்டத்தில் இடம்பிடித்தது இப்படித்தான்.

போத்தனூரில் திறந்த கதவு

இதைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. 1921 நவம்பரில் மலபார்க் கிளர்ச்சிக் கைதிகள் நூறு பேரைத் திரூரில் காற்றோட்டமில்லாத ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்துக் கோவைப் பக்கம் அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறி இறந்திருந்தார்கள். பிறகும் பலர் இறந்தார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும், நடனமும் இசையும் நிறைந்த ரயில்வே இன்ஸ்டிடியூட்டும் என்று போத்தனூரின் நினைவுகளைப் பலர் எழுதுகிறார்கள். இந்தக் கதவையும் சேர்த்து எழுத வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் சாதி

வண்டி மாறும் இடம் என்றால் பசிக்கும் இடம். பெரிய நிலையங்களில் உணவு விடுதிகள் வந்தன. அங்கே பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே வண்டியில் ஒரே பலகையில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் சாப்பிடும்போது பிரிய வேண்டியிருந்தது. பெரியார் தலைமையில் நீதிக் கட்சி இதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1941ல் அந்தப் பிரிவினை ரயில்வே உணவு விடுதிகளில் ஒழிந்தது.

ஐந்து திசை விழுப்புரம்

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் பாதை பிரிகிற இடம் விழுப்புரம். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குக் கடலூர்தான் தலைநகர். 1993ல் மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரமும் தலைநகர் ஆயிற்று. ஐந்து பாதை இல்லாமல் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வேலை போனால்?

நாகப்பட்டினத்தில் சவுத் இந்தியன் ரயில்வேயின் பணிமனை இருந்தது. அதை 1928ல் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். பொன்மலையில் வரிசை வரிசையாகக் குடியிருப்புகளும், இன்றுவரை கூட்டம் குறையாத ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் வந்தன. 1946 செப்டம்பர் 5 அன்று போராடிய தொழிலாளர்கள் ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததும் இதே பொன்மலையில்தான். ரயில் ஊர்களில் சங்கம் வலுவாக இருந்ததற்குக் காரணம் எளிது: எல்லாருக்கும் ஒரே முதலாளி, எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீடு. நாகப்பட்டினம் பெற்றது எதுவுமில்லை. இழந்தது பணிமனையையும் அதை நம்பிய குடும்பங்களையும்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926ல் வந்த கிளைப் பாதையை 1986ல் மூடிவிட்டார்கள். தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் ரயிலோடு சேர்த்து விழுங்கியது.

அகலம் மாறியதும்

அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். இரண்டும் சந்தித்த நிலையங்களில் ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றியாக வேண்டும். நாட்டுக்கு அது வீண் செலவு. மூட்டை தூக்கியவர்களுக்கு அதுதான் சோறு. 1992ல் இந்திய ரயில்வே ஒரே அகலத் திட்டத்தை எடுத்ததும் அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போயிற்று. நீராவி எஞ்சின் ஓய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிகள் காலியாயின. 2022ல் சென்னைக்கும் மைசூருக்கும் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபோது இடையில் நின்றது காட்பாடியிலும் பெங்களூரிலும் மட்டும். ஜோலார்பேட்டையை அது நிற்காமல் கடந்தது. பயணிக்கு இது லாபம். பிளாட்பாரத்தில் வடை விற்பவருக்கு வண்டி நின்றால்தான் வியாபாரம்.

கடல் தாண்டியும்

இலங்கையில் கண்டிப் பாதையும் வடக்குப் பாதையும் பிரியுமிடம் பொல்காவலை. மலையகத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் போன வழிகளில் அதுவும் ஒன்று. இன்னும் வடக்கே மதவாச்சியில் தலைமன்னார்ப் பாதை பிரிகிறது; தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் வந்தவர்கள் அந்தப் பாதையில்தான் கொழும்புக்குப் போனார்கள். போரால் 1990ல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபரில் மறுபடி ஊருக்குள் வந்தபோது மக்கள் நிலையத்தில் திரண்டு நின்று வரவேற்றார்கள்.

மலேசியாவில் கெமாஸ். மேற்குக் கரைப் பாதையும் கிழக்குக் கரைப் பாதையும் பிரியும் சிற்றூர். மலாயா ரயில்வேயில் தமிழர் உழைப்பு இல்லாத இடம் குறைவு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் பெயர்த்து எடுத்து, சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மரணப் பாதையைப் போடப் பிடித்துச் செல்லப்பட்டவர்களிலும் ஏராளமானோர் மலாயாத் தோட்டத் தமிழர்களே.

இங்கிலாந்தின் க்ரூ என்ற நகரம் 1837ல் வயல்வெளி நடுவே ஒரு ரயில் நிலையமாகத்தான் தொடங்கியது. பிறகு எஞ்சின் தொழிற்சாலை வந்தது, தொழிலாளர்களுக்குக் கம்பெனியே வீடு கட்டிக் கொடுத்தது, ஊர் ஆனது.

சோழிங்கநல்லூருக்கு வருவோம்

மெட்ரோவுக்குக் கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கால் பாய் வேண்டாம். அரை நிமிடம் நின்று போய்விடும். பழைய ஜங்ஷனுக்கும் புதிய ஜங்ஷனுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். பழையது வேலை செய்கிறவரைத் தன் பக்கத்திலேயே குடிவைத்தது. வீடுகள் சிறியவைதான், அவற்றிலும் மேல் கீழ் பேதம் இருந்தது. ஆனாலும் பாயிண்ட்ஸ்மேனுக்குப் பத்து நிமிட நடையில் வேலை இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. புதிய ஜங்ஷனைச் சுற்றி முதலில் ஏறுவது மனை விலை. அது ஏறத் தொடங்கிவிட்டது. சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்க முடியாதவர்கள் இன்னும் தள்ளிப் போக வேண்டும்.

சோழிங்கநல்லூரைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். சென்னைக்கு உள்ளே ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்தவர்களை எடுத்துவந்து குடியமர்த்திய இடங்கள். அங்கிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனையோ பேர். இந்தப் பாதையில் முதல் வண்டி அவர்கள் கிளம்பும் நேரத்துக்குப் புறப்பட வேண்டும். செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் நிலையத்துக்குச் சிறிய பஸ் வேண்டும். நிலையத்தின் கீழே வரும் கடைகளில் ஒரு பங்கு அந்தக் குடியிருப்புப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்குப் போக வேண்டும். இதையெல்லாம் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிடலாம். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.